கயிற்றின் கணக்கு

 

கயிறு விற்கிறவனுக்குப் பனிமலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் எங்கள் ஊர். அதன் கடைத்தெருவில் என் பாட்டனார் காலந்தொட்டு எங்களுக்கு ஒரு கயிற்றுக் கடை. கவலை கட்டி நீர் இறைத்த நாட்களில் கவலை வடம் விற்றோம். பம்புசெட் வந்த பிறகு மாட்டுக்குத் தாம்புக் கயிறு, கிணற்று வாளிக்குத் தேங்காய்நார்க் கயிறு, லாரிப் பாரத்துக்கு நைலான் கயிறு என்று வியாபாரம் மாறியது. மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் நான், 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஐம்பத்தெட்டாம் வயதில், லடாக்கில் உறைந்துபோன அருவி ஒன்றின் அடியில் நின்றேன். என் இளைய மகன் அந்த அருவியின்மேல் ஏறிக்கொண்டிருந்தான்.

நாற்பது ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அங்கேதான் நேருக்கு நேர் சந்திக்க வேண்டி வந்தது. அதை உங்களிடம் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மகனின் ஆசை

என் இளைய மகன் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறைக் குன்றுகளுக்குப் போவான். உல்லாசப் பயணம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். பாறையில் கயிறு கட்டி ஏறிப் பழகுகிறார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. அதன்பின் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மணாலிக்குச் சென்றான். 1961ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கிவரும் அரசு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தங்கி அடிப்படைப் பயிற்சியை முடித்து வந்தான். வந்தவன் ஒருநாள் சாப்பிடும்போது, "அத்தா, அடுத்து பனிச்சுவர் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் லடாக்கில் அதற்கென்று விழாவே நடத்துகிறார்கள்" என்றான்.

பனிச்சுவர் ஏறுதல் என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடுங்குளிரில் அருவி அப்படியே உறைந்து, செங்குத்தான பளிங்குச் சுவராக நிற்கும். ஏறுபவர் இரு கைகளிலும் வளைந்த அலகுள்ள சிறு கோடரிகளைப் பிடித்திருப்பார். காலணியின் அடியில் எஃகு முட்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் இரண்டு முட்கள் முன்னோக்கி நீட்டியிருக்கும். கோடரியைப் பனியில் கொத்திப் பதித்து, முன்முள்ளை உதைத்து ஊன்றி, ஒவ்வோர் அடியாக மேலே செல்ல வேண்டும். இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு மேலே உள்ள பிணைப்பு வழியாகக் கீழே இறங்கி வரும். கீழே நிற்கும் ஒருவர் அதைப் பிடித்திருப்பார். ஏறுபவரின் கை நழுவினால் அவரைத் தாங்குவது அந்த ஒருவரின் பிடிதான்.

இந்த ஆசையை அவன் வெளியிட்ட சில வாரங்களில், 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அந்தத் துயரச் செய்தி வந்தது. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிலையத்தின் பயிற்சிக் குழு ஒன்று, 'திரௌபதி கா டாண்டா' என்னும் சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயிற்சி அளிக்கச் சென்றிருந்த சவிதா கன்ஸ்வால் என்ற வீராங்கனையும் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில், பதினாறு நாள் இடைவெளிக்குள் எவரெஸ்டையும் மக்காலுவையும் தொட்டு வந்தவர் அவர். அப்படிப்பட்டவரையே பனி கொண்டு போய்விட்டது.

என் மனைவி இரண்டு நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "படைத்தவன் கொடுத்த உயிரைப் பனிக்கட்டியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவது எந்த மார்க்கத்தில் இருக்கிறது?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை. மகனோ பொறுமையாகச் சொன்னான்: "அம்மா, ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? நாங்கள் கட்டிவிட்டுத்தான் ஏறுகிறோம். ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக் கட்டுகிறோம்."

கட்டுவது கயிற்றினால் அல்லவா? என் அச்சமெல்லாம் அந்தக் கயிற்றின் மீதுதான். அதன் காரணத்தை மனைவியிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. "போவதானால் நானும் உடன் வருவேன். அந்தக் கயிற்றை என் கண்ணால் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். கயிற்று வியாபாரியின் பிடிவாதம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

உறைந்த நீர்

டெல்லியிலிருந்து லே நகருக்கு விமானம். லே ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் முதல் இரண்டு நாள் வெறுமனே படுத்திருக்க வேண்டும் என்றார்கள். படியேறினாலே மூச்சு வாங்கியது. வாளியில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிட்டது. உளூச் செய்வதற்கு விடுதிக்காரர் கெட்டிலில் வெந்நீர் கொண்டு வந்து தருவார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கடைவீதியின் தலைப்பில், 17ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட ஜாமிஆ மஸ்ஜிதில் ஜும்ஆ தொழுதோம். யார்க்கண்டிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வணிகத்துக்கு வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே வாழ்கிறார்கள். 'அர்கோன்' என்பது அவர்களுக்குப் பெயர். பக்கத்தில் தொழுத முதியவர், நான் பேசிய அரைகுறை உருதுவைப் பொறுத்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். மதராஸ் பக்கம் என்றேன். "அங்கே நீங்கள் தண்ணீரை எப்படிச் சேமிக்கிறீர்கள்?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. எங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் சொன்னேன். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வயலுக்கு நீர் தருவது. அவர் சிரித்துக்கொண்டே, "நாங்கள் தண்ணீரைப் பனியாக்கிச் சேமிக்கிறோம்" என்றார்.

அது உண்மை. பனியாறுகள் சுருங்கிவரும் அந்தப் பாலை நிலத்தில், விதைப்புக் காலத்துக்கு நீர் போதாமல் போனது. செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் ஓடை நீரைத் தடுத்து, குளிரில் படுகையாக உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். 2015ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் வேறொரு முறையை முயன்றார். உயரத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்கி, அது கூம்பாக உறைந்து நிற்கும்படி செய்தார். கூம்பு மெல்ல உருகி, வசந்தத்தில் வயலுக்கு நீர் விடும். குளிரை அம்மக்கள் சபிக்கவில்லை. அதைக் கொண்டே பிழைக்கிறார்கள்.

பனிச்சுவர் ஏறும் விழாக்களும் அப்படிப்பட்டவையே என்று அங்கே போன பிறகு விளங்கியது. கோடையில் வரும் பயணிகளால் பிழைக்கும் வழிகாட்டிகளுக்குக் குளிர்காலம் முழுதும் வேலை கிடையாது. உறைந்த அருவிகள் அவர்களுக்கு ஒரு புது வாசலைத் திறந்திருக்கின்றன. லேயை அடுத்த காங்லெஸ், வடக்கே நுப்ரா பள்ளத்தாக்கு, இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி ஆகிய இடங்களில் அண்மை ஆண்டுகளாக இளைஞர்கள் கூடிப் பழகுகிறார்கள், போட்டியும் நடத்துகிறார்கள்.

வெளிநாடுகளில் இதற்கு வயது அதிகம். அமெரிக்காவின் கொலராடோவில் ஊரே என்ற சிற்றூர் இருக்கிறது. சுரங்கத் தொழில் நலிந்த அவ்வூரில், நீர்மின் குழாயிலிருந்து கசிந்த நீர் பள்ளத்தாக்கின் சுவரில் உறைந்து நிற்பதைச் சிலர் கண்டார்கள். பின்னர் வேண்டுமென்றே குழாய்களால் நீரைத் தெளித்துப் பனிப் பூங்காவே அமைத்துவிட்டார்கள். ஜெஃப் லோ என்ற வீரரின் முயற்சியால் 1996ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே முதல் விழா நடைபெற்றது. சுவிட்சர்லாந்தின் சாஸ்ஃபே என்னும் ஊரில் பல மாடி வாகன நிறுத்தகத்தின் நடுவிலேயே பனி உறையவைத்து உலகக் கோப்பைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். தென்கொரியாவின் சோங்சோங் 2011 முதல் உலகப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின்போது இது காட்சி நிகழ்வாகவும் இடம்பெற்றது.

நாங்கள் சென்ற கூட்டம் இவ்வளவு பெரியதன்று. இரண்டு கூடாரங்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர், நாற்பது ஐம்பது பேர். உள்ளூர்ப் பிள்ளைகள் பெருமளவில் இருந்தார்கள். டெல்லி, பெங்களூர், புனே என்று பல ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பெயர்களைக் கேட்டால் பௌத்தர், முஸ்லிம், இந்து என்று எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் ஏற, நான்கு பேர் கீழிருந்து கோடரியை எங்கே கொத்த வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். பனிக்கட்டி பெயர்ந்து விழும்போதெல்லாம் ஏறுகிறவர் "ஐஸ்!" என்று கத்துவார், கீழே இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எல்லா மொழிக்காரரும் ஒரே மாதிரி உச்சரித்தார்கள்.

கயிற்றைப் பிடித்திருந்தவள்

என் மகனின் முறை வந்தது. அவன் கயிற்றைப் பிடிக்க வந்து நின்றவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க லடாக்கிப் பெண். மெலிந்த உருவம். என் மகனோ எழுபத்தைந்து கிலோ.

"இந்தப் பிள்ளையா உன்னைத் தாங்கப் போகிறது?" என்று தமிழில் கேட்டேன். மகன் சிரித்தான். "அத்தா, தாங்குவது அவள் பலம் இல்லை. கயிறு இந்தச் சிறு கருவிக்குள் மடங்கிப் போகிறது. கீழ் நுனியை அவள் இழுத்துப் பிடித்தால் உராய்விலேயே பூட்டிக்கொள்ளும். அவள் கவனம் சிதறாமல் இருந்தால் போதும்."

ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவர் கட்டை மற்றவர் சோதித்தார்கள். அவன் இடுப்பில் போட்டிருந்த எட்டு வடிவ முடிச்சை அவள் விரலால் ஒவ்வொரு இழையாகத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய கருவியையும் கொக்கியையும் அவன் பார்த்தான். பத்தாண்டு ஏறியவரானாலும் இது தவறக்கூடாதாம். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று அங்கே ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை.

மகன் ஏறத் தொடங்கினான். கோடரி நன்றாகப் பதிந்தால் 'தொப்'பென்று அடங்கிய ஓசை. பனியின் பின்னே வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டினாற்போல் ஓசை. அப்படிக் கேட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவான். பாதி உயரத்தில், அவன் கொத்திய இடம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்தது. கை நழுவியது. ஒரு முழம் விழுந்து அப்படியே நின்றான். கீழே அந்தப் பெண் ஓர் அடிகூட முன்னே நகரவில்லை. பேச்சும் இல்லை. கண்களை அவனிடமிருந்து எடுக்கவே இல்லை. எனக்குத்தான் முழங்கால் நடுங்கி, பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் இறங்கிய பிறகு கயிற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் கயிற்றை என் மடியில் வைத்தாள். விரல் பருமன். உள்ளே வெண்ணிற நூல்களின் கரு, வெளியே பின்னிய உறை. தேங்காய்நாரைப் போல் விறைப்பாக இராது. விழுபவரின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி சற்றே நீண்டு கொடுக்கும். ஈரம் புகாத பூச்சும் உண்டு. நான் அதை முழம் முழமாக விரலிடையே ஓட்டிப் பார்த்தேன். கயிற்றை வாங்கும்போது என் அத்தா பார்ப்பது அப்படித்தான்.

அதைக் கண்டு மகிழ்ந்து, அவள் தன் பையிலிருந்து சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்தக் கயிற்றின் கணக்கு அது. வாங்கிய தேதி, எந்தெந்த நாள் எங்கே பயன்பட்டது, எத்தனை பேர் விழுந்தார்கள், உறை எங்கே தேய்ந்திருக்கிறது எல்லாம் எழுதியிருந்தது. கூரிய விளிம்பு, அமிலம், வெயில் மூன்றும் கயிற்றின் பகைவர்கள் என்றாள். பையை விட்டு எடுக்காமலே வைத்திருந்தாலும் பத்தாண்டுக்குமேல் ஒரு கயிற்றை நம்பக்கூடாது என்பது செய்பவர்களே சொல்லும் விதியாம். "இதற்கு இதுதான் கடைசிக் குளிர்காலம். அடுத்த மாதம் வெட்டிவிடுவேன்" என்றாள்.

"பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது? விற்றாலாவது காசு வருமே" என்று வியாபாரி புத்தியில் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "சாச்சா, வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாதே" என்றாள்.

1983

வாசகர்களே, அந்த வார்த்தைக்குப் பின் அன்று முழுவதும் என்னால் ஒரு கவளம் உண்ண முடியவில்லை.

1983ஆம் ஆண்டு கோடை. மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. கிணறுகளை ஆழப்படுத்தும் வேலை ஊரெங்கும் நடந்ததால் கயிற்றுக்குக் கிராக்கி. 'நைலான்' என்று நாங்கள் பொதுவாகச் சொல்லும் பிளாஸ்டிக் கயிறு அப்போதுதான் பரவலாகியிருந்தது. அதில் ஒரு சுருளை விளம்பரத்துக்காக அத்தா கடை வாசலில் தொங்கவிட்டிருந்தார். இரண்டு கோடை வெயிலைக் குடித்து நிறம் வெளுத்து, தொட்டால் விரலில் மாவு போல் ஒட்டும். "வாசலில் இருப்பது காட்டுவதற்கு, கொடுப்பதற்கு அன்று" என்று அத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது என்பது அவருடைய உறுதி.

அன்று அத்தா சரக்கு வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார். பக்கத்துக் கிராமத்துக் கிணற்று வேலைக்காரர் ஒருவர் அவசரமாக வந்தார். உள்ளே சரக்கு தீர்ந்திருந்தது. வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், வாசலில் இருந்ததை இறக்கிக் கொடுத்தேன். விலையில் சிறிது குறைத்தும் கொடுத்தேன். அதை ஒரு நன்மையாகவே அப்போது எண்ணினேன்.

நான்காம் நாள் மாலை, வேலை முடிந்து அவரை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. மூன்று ஆள் உயரத்திலிருந்து பாறையில் விழுந்தார். உயிர் பிழைத்தது அல்லாஹ்வின் கருணை. ஆனால் வலது கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிணற்றில் இறங்கும் தொழில் அன்றோடு முடிந்தது.

மேலே ராட்டினத்தருகே நின்று இழுத்தவர் அவருடைய மச்சான். அவர் கவனமில்லாமல் கயிற்றைக் கிணற்று விளிம்புக் கல்லில் உராயவிட்டுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. யாரும் எங்கள் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அத்தாவிடம்கூட, அந்தச் சுருளைக் குப்பையில் எறிந்துவிட்டதாகச் சொன்னேன். அத்தா வஃபாத்தாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் பொய்யோடுதான் அவரை அடக்கம் செய்தேன்.

காலம் கடந்த திருத்தம்

அன்றிரவு லே விடுதியில் உறக்கம் வராமல் கிடந்தேன். உயரத்தின் கோளாறு என்று எண்ணி மகனும் விழித்திருந்தான். பேச்சுக்கு மலைக் கதைகளைச் சொன்னான். அவற்றுள் ஒன்று ஹுன்ஸா நாட்டைச் சேர்ந்த அமீர் மெஹ்தி என்னும் முஸ்லிம் சுமைதூக்கியின் கதை.

1954ஆம் ஆண்டு இத்தாலியக் குழு ஒன்று உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தை முதன்முதலாக வென்றது. உச்சியை அடைந்த இருவருக்கும் தேவையான பிராணவாயு உருளைகளை மேலே சுமந்து சென்றவர்கள் வால்டர் பொனாட்டியும் அமீர் மெஹ்தியும். சொல்லப்பட்ட இடத்தில் கூடாரம் இல்லை. அது வேறிடத்தில் அமைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 8,100 மீட்டர் உயரத்தில் இருவரும் திறந்த வெளியில் இரவைக் கழித்தார்கள். பொருத்தமான காலணிகூட இல்லாத மெஹ்தி தம் கால் விரல்களை இழந்தார். பழி வேறு பக்கம் திருப்பப்பட்டது. பொனாட்டி தம் சொல்லை நிலைநாட்டப் பல்லாண்டு போராடினார். அவர் சொன்னதே உண்மை என்று இத்தாலிய மலையேற்றக் கழகம் ஏற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. மெஹ்தி 1999இலேயே இறந்துவிட்டார். அந்தத் திருத்தத்தை அவர் காணவில்லை.

மகன் கதையை முடித்துவிட்டு உறங்கிப் போனான். நான் அந்த ராட்டினத்தருகே நின்ற மச்சானை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் இருக்கிறாரா? அதைக்கூட நான் விசாரித்ததில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வைகுண்டப் பெருமாள் கோயில் வழியாகக் கடைக்கு நடந்தேன். அந்தச் சுவர்க் கல்வெட்டுகளால்தான் எங்கள் ஊருக்கு உலகப் பெயர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விதிகளுள் ஒன்று அன்று என்னை நிறுத்தியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவன். அவனுடைய உறவினருக்கும் அதே தடை. பிறருடைய நீரை நம்பி ஒப்படைத்தால் கணக்குக் கேட்பார்கள். பிறருடைய உயிரை ஒப்படைத்தால்? அந்த லடாக்கிப் பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததும் இதைத்தானே. நம் மார்க்கம் அமானிதம் என்று சொல்வதும் இதைத்தானே.

இறைவனுக்குச் செய்த குறையை அவனிடம் அழுது கேட்கலாம். அடியானின் ஹக்கை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்று ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குச் சொல்லப்பட்டதாகக் கேட்டது.

சொன்னேன்

கிணற்று வேலைக்காரர் உயிரோடு இருந்தார். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க சின்ன பாய்" என்றார். நாற்பதாண்டுக்கு முன் என்னை அழைத்த அதே பெயர். நான் கட்டிலில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கயிறு வெளுத்திருந்தது எனக்கும் தெரியும் சின்ன பாய். கையில் மாவு ஒட்டிச்சு. திருப்பிக் கொடுக்கலாம்னு நினைச்சேன். அன்னைக்குக் கூலி போயிடுமேன்னு இறங்கிட்டேன். என் கால் என் விதி. ஆனா என் மச்சான் என்ன பாவம் பண்ணான்? அதுக்கப்புறம் ராட்டினத்தைத் தொடவே இல்லை. செங்கல் சூளைக்குப் போயிட்டான். விசேஷ வீட்டிலே சாப்பிட உட்கார்ந்தாலும், இவன்தான் கயிற்றை விட்டவன்னு யாராவது சொல்லுவாங்க. செத்து ஆறு வருஷம் ஆச்சு."

நான் கொண்டுபோயிருந்த பணத்தை எடுத்தேன். அவர் கையை அசைத்தார். "இதை உள்ளே வையுங்க. எங்கிட்டே சொன்னது பத்தாது. என் தங்கச்சி இருக்கா, அவகிட்டே போய்ச் சொல்லுங்க. ஊர் அறியச் சொல்லுங்க." தங்கை என்று அவர் சொன்னது மச்சானின் மனைவியை.

அந்த அம்மாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும், "இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. பின்னர் உள்ளே திரும்பித் தம் மகனைக் கூப்பிட்டார். "இங்கே வா. இவர் சொல்றதைக் கேளு. உங்க அப்பா மேலே தப்பில்லையாம்" என்றார். அந்த இளைஞன் வந்து நின்றான். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். மன்னித்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லும்படி நான் வற்புறுத்தவும் இல்லை. எழுந்தபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டிலும் சொன்னேன். மகன் பதிலேதும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய தாய்தான், "இனி இவன் போகட்டும். கணக்கு எழுதி வைக்கிறவர்களோடுதானே போகிறான்" என்றாள். இன்றும் அவன் புறப்படும் இரவுகளில் அவள் உறங்குவதில்லை. மலைக்கும் அபாயம் குறைந்துவிடவில்லை. உத்தரகாசிப் பிள்ளைகளும் கற்றவர்கள்தாம், கட்டிக்கொண்டு சென்றவர்கள்தாம். கட்டுவதை நாம் கட்ட வேண்டும், மிகுதியை அவனிடம் விட வேண்டும். அதற்குமேல் பெற்றவர்களுக்கு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ஊர் அறியச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெரியவர். அவர் கிராமத்துத் தேநீர்க் கடையில் சொன்னேன். எங்கள் கடைத்தெருவில் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

இப்பொழுது எங்கள் கடையில் ஒவ்வொரு சுருளிலும் சரக்கு வந்த தேதியை எழுதிய அட்டை தொங்குகிறது. வாசலில் கயிறு தொங்கவிடுவதில்லை. வெயில் பட்டது, எலி கடித்தது, நாட்பட்டது எதுவானாலும் மாதக் கடைசியில் முழ நீளத் துண்டுகளாக வெட்டிவிடுகிறோம். பந்தல் கட்டுகிறவர்கள் அவற்றை இலவசமாக எடுத்துச் செல்கிறார்கள். மூங்கிலைக் கட்ட அது போதும். ஆளைத் தாங்க அந்த நீளம் போதாது.